நீங்கள் காலியாக விட்ட பாதிச் சீட்டு

அம்மா,

பச்சை அட்டைப் புத்தகம் இப்போது என் மடியில் இருக்கிறது. ஏரிகளைப் பற்றிய அதே புத்தகம்தான். முதுகு ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். செங்கல் தூசி வந்தது! எத்தனை பேர் கை பட்டிருக்கும், எத்தனை முறை தட்டித் துடைத்திருப்பார்கள், அந்தச் சிவப்பு மட்டும் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பழைய தாளின் வாசனையும் இடித்த சுவரின் வாசனையும் கலந்து வந்தன. உடனே, நூலக மேசையில் உட்கார்ந்து கேட்பீர்களே, அந்தக் குரல் கேட்டது.

"அண்ணா, வண்டியில என்ன ஏத்துனீங்க? புத்தகமெல்லாம் செவந்து கெடக்கு!"

இந்தப் புத்தகத்தை என் பெயரில் எடுத்திருக்கிறேன். என் உறுப்பினர் அட்டையில், என் கையெழுத்துப் போட்டு. கைநாட்டு இல்லை அம்மா, கையெழுத்து. புதிதாக வந்திருக்கும் நூலகர் படிவத்தை நீட்டியபோது பழக்கத்தில் கட்டைவிரலை மைப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். பிறகு ஞாபகம் வந்து விரலை மடக்கிக்கொண்டு பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. புத்தகத்தை நான் முழுதாகப் படித்துவிட்டேன். தவணையை மூன்று முறை நீட்டித்தேன், ஆனாலும் ஒரு வரி விடவில்லை. பின் அட்டையில் ஒட்டிய காகிதப் பையையும் திறந்துவிட்டேன். அதற்குள் என் பெயரில் நீங்கள் எழுதிய சீட்டு அப்படியே இருந்தது.

அந்தச் சீட்டில் இருப்பது பொய் என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்ல நான்கு முறை வாயைத் திறந்து, நான்கு முறையும் "டீ வாங்கியாரவாம்மா?" என்று கேட்டுவிட்டேன். இப்போது கேட்க நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து நாளாக எழுதுகிறேன், தப்பானால் கிழித்துவிட்டு மறுபடியும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் விரல் கடுக்கிறது. என் வீட்டுக்காரி காசியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

"யாருக்கு கடுதாசி?"

"லைப்ரரி அம்மாக்கு."

"அவங்கதான் பூட்டாங்களே. மேல போறதுக்கு ஸ்டாம்பு எங்க விக்கிறான்? எனக்கும் ரெண்டு வாங்கியா, எங்கம்மாக்கு போடணும்."

கிண்டல்தான். ஆனால் இந்த ரூல் போட்ட நோட்டை வாங்கி வந்ததும் அவள்தான்.

நான் நூலகத்துக்குள் வந்ததே புத்தகங்களின் சுமையால்தான், நினைவிருக்கிறதா? தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில் என் மீன்பாடி வண்டி நிற்கும். மூன்று சக்கரம், முன்னால் பலகைத் தட்டு. வெங்காய மூட்டை, கதவு நிலை, மணல், எது வந்தாலும் ஏற்றுவேன். மாதத்துக்கு ஒருமுறை நம் கிளை நூலகத்துக்குப் புத்தகக் கட்டுகள் வரும். அதையும் நான்தான் மிதித்துக்கொண்டு வருவேன். முதல் நாள் கட்டுகளை இறக்கிவிட்டு வாசலில் நின்று வியர்வையைத் துடைத்தேன். நீங்கள் மேசையிலிருந்து நிமிராமலே சொன்னீர்கள்:

"உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உட்காருங்க அண்ணா. புத்தகம் மட்டும்தான் உள்ள வரணும்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

"எழுதி ஒட்டிகீதா இல்லியான்னு எனக்கு எப்படிமா தெரியும்? நமக்கு எழுத்து வராது."

நீங்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் நீங்கள். அப்படிச் சிரித்தால் பள்ளிக்கூடப் பிள்ளை போல இருப்பீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மின்விசிறிக்குக் கீழே ஏழெட்டு நாற்காலி வட்டமாகப் போட்டிருந்தது. நான் உட்கார்ந்தது அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி என்பதும், அதற்கு வாசகர் வட்டம் என்று பெயர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எழுத்து வராதவன் வாசகர் வட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிடுவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் எனக்கும் சேர்த்து டீ சொன்னீர்கள்.

மரம், மண், தண்ணீர், பறவை, இவற்றைப் பற்றிய புத்தகங்களைத்தான் அந்த வட்டத்தில் எடுத்துக்கொண்டீர்கள். நூலகத்தில் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். பொத்தேரியில் கல்லூரியில் படித்த ஒரு பெண் படிப்பாள். நல்ல குரல். நிறுத்தி நிறுத்தி, நமக்கு ஊட்டுவது போல வாசிப்பாள். ஒரே பிரதியாக இருந்தது என் அதிர்ஷ்டம் அம்மா. ஆளுக்கொரு புத்தகம் இருந்திருந்தால் நான் அன்றே எழுந்து போயிருப்பேன்.

சிட்லபாக்கத்துக் கார்டு சாரும் இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் படித்தாலும் கடைசியில் அரசாங்கத்தைத் திட்டுவார். இன்னொருவர் அரசாங்கத்தின் பக்கம் பேசுவார். டீ ஆறிப்போகும். அப்படி ஒருநாள் டீ ஆறிய பிறகுதான் நீங்கள் மேசையைத் தட்டி ஒரு சட்டம் போட்டீர்கள்.

"இனிமே கருத்து கடைசியில. முதல்ல ஆளுக்கு ஒண்ணு, கண்ணால பார்த்ததைச் சொல்லணும். பேப்பர்ல படிச்சது கெடையாது, அடுத்தவங்க சொன்னது கெடையாது."

அப்படிச் சொன்னதை ஆளுக்கொரு சீட்டில் எழுதி, அந்தப் புத்தகத்தின் பின் அட்டைப் பையிலேயே போட்டு வைப்போம். அடுத்து அந்தப் புத்தகத்தை எடுப்பவர் நம் ஊர்க்காரர் பார்த்ததையும் சேர்த்துப் படிப்பார். என் சீட்டை மட்டும் நீங்கள் எழுதுவீர்கள். நான் சொல்லச் சொல்ல, என் பேச்சை மாற்றாமல்.

முதல் முறை நான் சொன்னது தூக்கணாங்குருவியைப் பற்றி. மரங்களைப் பற்றிய புத்தகம் அது. என் முறை வந்தது.

"கோவிலம்பாக்கம் பக்கம் மனை போட்டாங்கமா. பனமரம் நெறைய இருந்துது, எல்லாத்தையும் சாச்சிட்டாங்கோ. மறுவருசம் அதே மாசம் குருவிங்க வந்துச்சுங்க. மரம் இல்ல. ஆனா மரம் எந்த ஒசரத்துல இருந்துச்சோ அந்த ஒசரத்துலயே சுத்திகினு இருந்துச்சுங்க. கீழ எறங்கவே இல்ல. நான் வண்டிய நிறுத்திட்டு பாத்துகினே இருந்தேன்."

மீட்டர்கேஜ் ரயில் ஒன்று தாம்பரம் பக்கம் போகும் சத்தம் மட்டும் கேட்டது. கார்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது புத்தகத்துலயே இல்லையே" என்றார். நீங்கள் எழுதி முடித்து, சீட்டை எனக்குத் திருப்பிக் காட்டினீர்கள். எனக்கு அதில் எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரிந்தது. ஆனாலும் அன்று வீட்டுக்கு வண்டியை மிதிக்கவே இல்லை. அதுவே போனது போல இருந்தது.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு பச்சைப் புத்தகம் வந்தது.

ஏரி எப்படிச் சாகும் என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. முதலில் கோரை ஓரத்தில் ரப்பீஸ் விழும். இடித்த சுவர், உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்டு. பிறகு அதன் மேல் ஒரு குடிசை வரும். பிறகு ஒரு தெரு, பிறகு தெருவுக்கு ஒரு பெயர்ப் பலகை. அந்தப் பெண் படிக்கப் படிக்க எனக்கு வேர்த்தது. அதே பகுதியில் ஒரு வரி வந்தது. ஒருகாலத்தில் இந்தப் பக்கத்து ஏரிகளில் நீர்நாய் இருந்தது, இப்போது பார்த்தவர் யாருமில்லை என்று.

படித்து முடித்ததும் கார்டு சார் கொதித்தார்.

"நம்ம ஏரியும் அப்படித்தான் போகுது. கோரை இருந்த பக்கம் போய்ப் பாருங்க, தினம் ரப்பீஸ் கொட்டுறாங்க. யாருன்னு நினைக்கிறீங்க? இந்த மீன்பாடி வண்டிக்காரங்கதான்!"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் வண்டிக்காரன் என்பதே அவருக்கு அந்த நேரம் நினைவில் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் என் வண்டி நின்றது, தட்டு முழுக்கச் செங்கல் தூசியோடு.

அந்த வாரம் மூன்று நாள் நான் அங்கே கொட்டியிருந்தேன் அம்மா.

உங்கள் சட்டப்படி வட்டம் சுற்றி வந்தது. அந்தப் பெண் தன் ஊர்க் குட்டையைப் பற்றிச் சொன்னாள். கார்டு சார் வேலை பார்த்த காலத்தில் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்த ஏரிகளைச் சொன்னார். என் முறை வந்தது. கண்ணால் பார்த்தது என்னிடம் இருந்தது. வேறு யாரிடமும் இல்லாத அளவுக்கு இருந்தது. அது தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன்.

"நான் நீர்நாய் பாத்துக்கீறேன்" என்றேன்.

"எங்க?" கார்டு சார் எழுந்தே விட்டார்.

"நம்ம ஏரிலதான் சார். மதகாண்ட. ஜோடியா நின்னுதுங்க, வாயில மீன கவ்விகினு."

"எப்போ பார்த்தீங்க?"

"போன மாசம் சார். விடியகாலைல."

அந்தப் பெண் கைதட்டினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வண்டிக்காரர்களை எல்லோரும் மறந்துபோனார்கள். நீங்கள் மட்டும் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கண்ணால பார்த்ததுதானே அண்ணா?"

"கண்ணாலதாம்மா."

"எழுதிடவா?"

"எழுதிக்கோமா."

வழக்கமாக என் சீட்டு ஓரம்வரை நிரம்பும். அன்று உங்கள் பேனா பாதியில் நின்றது. ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டீர்கள். கோட்டுக்குக் கீழே ஏதோ சின்னதாக எழுதினீர்கள். தேதி போடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. கார்டு சார் யாரிடமோ தூரக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். ஞாயிறு தவறாமல் விடிந்ததும் ஏரிக்கரையில் நிற்பார். இடம் காட்ட நான் போக வேண்டும். மதகைக் காட்டுவேன். ஒருநாள் கோரைக்குள் சலசலப்பு. நனைந்த உடம்போடு எதுவோ கரையேறியது. அந்தப் பெண் கத்தினாள்:

"சார், அதோ! அதோ!"

கார்டு சார் தூரக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, நிதானமாக இறக்கினார். "அது கறிக்கடை நாய்மா. நேத்துகூட என்னைப் பார்த்துக் குரைச்சது."

நீர்நாய் வரவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. "அது என்ன ஏழுமலை? அந்தச் சின்னது, முங்கி முங்கி எழுந்திரிக்குதே?" என்று கேட்பார். முக்குளிப்பான் என்பேன். நோட்டில் எழுதிக்கொள்வார். ஞாயிறுக்கு ஞாயிறு நோட்டு நிரம்பியது. வட்டத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஏழுமலை, மீதி எப்போ?" என்று கேட்பார். நீர்நாய்க் கதையில் மீதியைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் சார்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்து ஏரிக்காக ஒரு மனு எழுதினீர்கள். வட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். எழுதி முடிக்கும் நேரத்தில் நான் புத்தகக் கட்டோடு வந்தேன். நீங்கள் தனியாக இருந்தீர்கள்.

"அண்ணா, ஒரு சந்தேகம். மனுவுல நீர்நாயைச் சேர்க்கலாமா?"

என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இருப்பவர்கள் வந்து தேடிப் பார்த்து, இல்லை என்று கண்டுபிடித்தால் மனுவில் இருக்கும் நிஜமெல்லாமும் பொய்யாகப் போகும். அது எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் தெரியவில்லை.

"வேணாம்மா" என்றேன். "அது... பயந்துக்கும்."

"எது?"

"நீர்நாய்மா. கூட்டம் வந்துச்சுன்னா பாவம், பயந்துக்கும்."

நீங்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தீர்கள். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணா. அது பயப்பட வேண்டாம்" என்றீர்கள். பிறகு நான் இறக்கிய கட்டிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் தூசியைத் துடைத்தீர்கள். துணி அன்று சிவக்கவில்லை. அதைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

ஏனென்றால் நீர்நாய் சொன்ன ஞாயிறோடு நான் ஏரியில் கொட்டுவதை விட்டுவிட்டேன். ரப்பீஸ் ஏற்றினால், அடித்தளம் நிரப்ப எந்த வீட்டில் கேட்கிறார்கள் என்று தேடிப் போய்க் கொடுத்தேன். வண்டித் தட்டையும் கழுவிவிட்டுத்தான் புத்தகம் ஏற்றினேன். மேஸ்திரிகள் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். காசியம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"கிட்டக்க ஏரி கீது, அங்க கொட்டிட்டு வர்றத வுட்டுட்டு ஊரெல்லாம் சுத்திகினு வர்ற. இன்னா, உன் நீர்நாயி கோச்சிக்குமா?"

மனு போன பிறகு சிலர் வந்து பார்த்தார்கள், எல்லைக் கல் நட்டார்கள். ஏரி தப்பித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோரைப் பக்கம் கொட்டுவது நின்றது. எதிர்ப் பக்கம் இன்னும் விழுகிறது. பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் உங்களுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் வந்தது. உங்கள் பெட்டி, மண்பானை, இரண்டு பூந்தொட்டி எல்லாவற்றையும் ஸ்டேஷன்வரை என் வண்டியில்தான் ஏற்றி வந்தேன். ரயில் வரும்வரை சொல்லிவிடலாம் என்று நின்றேன். "டீ வாங்கியாரவாம்மா?" என்றுதான் வந்தது. ரயில் ஏறும்போது நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று.

"அண்ணா, அந்தப் பச்சைப் புத்தகத்தை ஒருநாள் நீங்களே எடுத்துப் படிங்க."

எழுத்து வராதவனிடம் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. ரேஷன் கடை வராந்தாவில், சாயங்காலம். முதலில் போனது காசியம்மாதான். ஒரு மாதத்தில் பால் பாக்கெட்டில் இருப்பதை எனக்குப் படித்துக் காட்டி, "இன்னா லைப்ரரிக்காரரே, இதுல இன்னா போட்டுக்கீது சொல்லு பாப்போம்?" என்று கேட்டாள். அந்த ரோஷத்தில் நானும் போனேன். அறுபது தாண்டிய கை பென்சிலுக்கு வளையவில்லை. வண்டிக் கைப்பிடியைப் பிடிப்பது போலப் பிடித்தேன், மூன்று பென்சில் முறிந்தது. ஆனால் ஒருநாள், அம்மா, ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் ஓரமாக மிதித்துப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ்ஸின் நெற்றியில் எறும்பு ஊரவில்லை. "பல்லாவரம்" என்று இருந்தது! தானாக வந்து கண்ணில் விழுந்தது! வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் ஆட்டோக்காரன் திட்டினான். எனக்குக் காதில் ஏறவில்லை. அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ், மருந்துக்கடை, பூட்டுக்கடை என்று எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வீடுவரை போனேன். ஊர் முழுக்க இத்தனை நாள் என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

உங்களுக்குக் கடிதம் போட வேண்டும் என்று ஆசை. இன்னும் கொஞ்சம் நன்றாக எழுத வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். போன ஐப்பசி மழையில் கார்டு சார் குடையோடு வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, நீங்கள் போய்விட்ட சேதியைச் சொன்னார். ரொம்ப நாள் உடம்பு சரியில்லையாம். எங்கள் யாருக்கும் நீங்கள் சொல்லவில்லை. அன்று நான் எழுதிப் பழகும் நோட்டை எடுக்கவில்லை. மறுநாள் போய்ப் பச்சைப் புத்தகத்தை எடுத்தேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டி, தவணையை நீட்டி நீட்டிப் படித்தேன். கடைசிப் பக்கம் முடிந்தது. பையில் கையை விட்டேன். பல சீட்டுகள். எல்லாம் ஓரம்வரை எழுதி நிரம்பியவை. ஒன்று மட்டும் பாதி. உங்கள் குண்டு எழுத்து.

"ஏழுமலை அண்ணா சொன்னது: நம்ம ஏரியில், மதகாண்ட, நீர்நாய் ஜோடியாக நின்றது. வாயில் மீன் கவ்விக்கொண்டிருந்தது."

அதன் கீழே ஸ்கேல் கோடு. கோட்டுக்குக் கீழே நான் தேதி என்று நினைத்தது தேதி இல்லை.

"மீதி இடம் அண்ணாவுக்கு. அவரே எழுதுவார்."

நான் ஒருமுறை படித்தேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று காசியம்மாவிடம் கொடுத்தேன். அவளும் அதையே படித்தாள். முதல் முறையாக அவள் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. சீட்டை என் கையில் திருப்பி வைத்து, பேனாவைத் தேடிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது! புத்தகத் தூசியிலிருந்து தெரிந்ததா, என் முகத்திலிருந்தா? இன்னொன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அன்று எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. எந்தத் தைரியத்தில், "எழுதுவார்" என்று பேனாவால் எழுதினீர்கள்?

கார்டு சார் "மீதி எப்போ?" என்று கேட்டதும் அப்போதுதான் விளங்கியது. சீட்டைப் படித்த எல்லோரும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பொய் சொன்னவனுக்காக என்று தெரியாமலே.

மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் புத்தகத்தைத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. எழுதினால் வட்டத்தில் வாசிக்க வேண்டும், அதுதான் முறை. கார்டு சார் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த ஊரில் எனக்கு மரியாதையாக நாற்காலி போட்ட இடம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால்? நான்காம் நாள் எழுதினேன். போன ஞாயிறு வட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் நீர்நாய் பார்க்கவில்லை. பார்த்தது முக்குளிப்பான் கூடு. கோரை ஓரம் தண்ணீர் மேல் மிதந்தது. நான் ஒரு வண்டி ரப்பீஸ் கொட்டினேன். கூடு ஆடியது. பறவை முட்டை மேல் பாசியை இழுத்து மூடிவிட்டு முங்கிப் போனது. மறுநாளும் கொட்டினேன். கூடு இருந்தது. மூன்றாம் நாளும் கொட்டினேன். நான்காம் நாள் அங்கே தண்ணீர் இல்லை. என் செங்கல்தான் இருந்தது. இது கண்ணால் பார்த்தது. ஏழுமலை."

கார்டு சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு வருஷம்யா! ஏழு வருஷமா அந்த மதகையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்! என் வீட்ல என்னைப் பைத்தியம்னாங்க!"

"மன்னிச்சிக்கோங்க சார்."

அவர் தன் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பறவைகள்.

"அன்னைக்கு நீங்க நிஜத்தைச் சொல்லியிருந்தா, உங்களைத் திட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். "திட்டத்தான் எனக்குத் தெரியும். இதெல்லாம் தெரியாது." நோட்டை மூடிவிட்டு, "பேனாவைக் குடுங்க" என்றார்.

என் சீட்டின் அடியில் இரண்டு விரல் இடம் மீதி இருந்தது. அதில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே படிங்க. சத்தமா."

அவர் எழுத்து சாய்ந்து ஓடும் எழுத்து. உங்களுடையது போல நின்று கொடுக்காது. ஆனாலும் விடவில்லை. கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

"என் வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். இடித்தது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை."

படித்து முடித்து நிமிர்ந்தேன். "யார் வண்டி சார் வந்துது?" என்று கேட்டேன்.

"அதைத்தான்யா நான் பார்க்கவே இல்லை" என்றார். பிறகு அவர் சிரித்தார், நான் சிரித்தேன், புது நூலகர் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தார். டீ ஆறவே இல்லை அம்மா அன்று. ஆறும் முன் குடித்துவிட்டோம். எனக்கு நாற்காலியும் போகவில்லை.

வருகிற வெள்ளி நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சீட்டு பைக்குள் போய்விட்டது. இனி அது நூலகத்தின் சொத்து. எனக்கு மிச்சம் இருப்பது உங்கள் சட்டம்தான். காசியம்மாவோடு சண்டை வந்தாலும் இப்போதெல்லாம், "கருத்து அப்பறம், கண்ணால இன்னா பாத்த, அத சொல்லு" என்கிறேன். அவள், "உன்ன பாத்தேன், அதான் என் தலையெழுத்து" என்கிறாள். வண்டியில் சுமை ஏற்றும்போது இது எங்கே போய் இறங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறேன். நேற்றுக் காலை கோரைப் பக்கம் போனேன். முக்குளிப்பான் இரண்டு முங்கி எழுந்தன. கூடு இருக்கிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. தெரிந்தால் சீட்டில் எழுதுகிறேன்.

நோட்டில் இதுதான் கடைசித் தாள். எனக்கு இன்னும் நிறைய எழுத இருக்கிறது, விரலும் இன்று கடுக்கவில்லை. ஆனாலும் இதோடு நிறுத்துகிறேன். ஸ்கேல் இல்லை, காசியம்மாவின் வளையலை வைத்துத்தான் கோடு போட்டேன், அது கொஞ்சம் வளைந்துவிட்டது. கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டிருக்கிறேன்.

மீதி இடம் அம்மாவுக்கு.

ஏழுமலை